பேரேட்டிலிருந்து பிரித்தெடுத்த ட்ரம்ப் கார்டுகள்

மைதாப் பசையால் பேரேட்டில் ஒட்டியிருந்த பழைய ட்ரம்ப் கார்டுகளை, முன்பக்கத்தின் பளபளப்பும் பின்பக்கத்தின் அச்சும் கெடாமல் பிரித்தெடுக்கும் வழி கடைசியில் கைகூடியிருக்கிறது. இதே போன்ற சேகரிப்பைப் பரணில் வைத்துக்கொண்டு, தொட்டால் கிழிந்துவிடுமோ என்று தயங்குகிறவர்கள் மதுரையில் இன்னும் சிலராவது இருப்பார்கள் என்பதால், பயன்பட்ட முறை, பயன்படாத முறை, பொருள்கள் கிடைத்த இடம், ஆன செலவு ஆகியவற்றை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

என் சேகரிப்பில் மூன்று காலத்து அட்டைகள் இருக்கின்றன. முதலாவது, 1987இல் ரிலையன்ஸ் கோப்பை நடந்த நாள்களில் சிம்மக்கல் பெட்டிக்கடையில் வாங்கிய ‘பிக் ஃபன்’ பபிள்கம்மோடு வந்த சிறு கிரிக்கெட் படங்கள். ஒவ்வொரு படத்திலும் ஓட்டமோ விக்கெட்டோ குறிக்கப்பட்டிருக்கும். ஓட்டங்களைச் சேர்த்துக் கொடுத்தால், விரலால் சரசரவென்று புரட்டும்போது ஆட்டக்காரர் பந்தை அடிப்பது போலத் தெரியும் சிறு புத்தகம் கிடைக்கும். அதனால் படத்தைக் கையில் வைத்திருப்பவன் கெட்டிக்காரனா, கொடுத்துவிட்டுப் புத்தகம் வாங்கியவன் கெட்டிக்காரனா என்பது தெருவில் தீராத வழக்காக இருந்தது. அந்த அக்டோபரில் சேப்பாக்கத்தில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் 1 ரன்னில் தோற்றது. கம் விற்பனையில் அந்தத் தோல்வியால் எந்தக் குறைவும் ஏற்பட்டதாக எனக்கு நினைவில்லை. இரண்டாவது, 1990களின் ட்ரம்ப் கார்டுகள். மல்யுத்த வீரர்கள் பாதி, கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் பாதி. மூன்றாவது, வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிய பிறகு சேர்த்தவை: 2008இல் ஐ.பி.எல். தொடங்கியதற்குப் பின் பொட்டலங்களில் விற்கப்பட்ட ஆட்டக்காரர் அட்டைகளும், சக சேகரிப்பாளர்களிடமிருந்து மாற்றிக்கொண்டவையும். இவற்றில் பெரும்பகுதியை மகள் பெயரைச் சொல்லி எனக்காகவே வாங்கினேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

முதல் இரண்டு காலத்து அட்டைகள்தாம் பேரேட்டில் இருந்தன. அப்பா கணக்கெழுதிய கீழமாசி வீதி மளிகை மண்டியில் பாதி எழுதப்பட்ட நிலையில் ஒதுக்கப்பட்டிருந்த, சிவப்புத் துணி முதுகு கொண்ட நீளப் புத்தகம் அது. பள்ளிக்குக் கொண்டு போனால் ஆசிரியர் பறித்துக்கொள்வார். தெருவில் ஆடினால் தோற்றுப் போகும். வீட்டில் உதிரியாகக் கிடந்தால் அம்மா பெருக்கித் தள்ளிவிடுவார். ட்ரம்ப் கார்டு ஆட்டத்தில் அட்டையிலுள்ள உயரம், எடை, மார்பளவு, புஜம், ஆடிய சண்டை, வென்ற சண்டை, ரேங்க் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி, அதிக எண் (ரேங்க் என்றால் குறைந்த எண்) வைத்திருப்பவன் எதிராளியின் அட்டையை எடுத்துக்கொள்வான் என்பதால், இழக்கவே விரும்பாத அட்டையை ஆட்டத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டியிருந்தது. ஒட்டிவிட்டால் மூன்று ஆபத்தும் நீங்கிவிடும். ஒட்டுவதற்கு அப்பா அடுப்பில் காய்ச்சிக் கொடுத்த மைதாப் பசையில், பூச்சி அரிக்காமல் இருக்கச் சுவரொட்டி ஒட்டுகிறவர்களும் பைண்டிங் கடைக்காரர்களும் செய்வது போல, ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடப்பட்டிருந்தது.

துத்தம் போட்ட பக்கங்களில் இராமபாணப் பூச்சி வாயே வைக்கவில்லை. பின்னாளில் நானே காய்ச்சி, துத்தம் போடாமல் ஒட்டிய பக்கங்களில் பசை இருந்த இடமெல்லாம் சல்லடையாகியிருந்தது. ஆனால் துத்தத்துக்கு வேறொரு குணம் உண்டு: அதிலுள்ள செம்பு காலப்போக்கில் தாளை உளுக்கச் செய்யும். அட்டைகளைச் சுற்றிப் பேரேட்டுத் தாள் பழுப்பேறி, மடித்தால் முறியும் நிலைக்கு வந்திருந்ததற்கு அதுவே காரணம். அட்டைகளை இப்போது பிரித்தாக வேண்டும் என்ற முடிவும் இதனால்தான் வந்தது. துத்தம் நச்சுப்பொருள் என்பதால் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் இந்தப் பக்கங்களைச் சுரண்டக் கூடாது.

முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, பக்க எண்ணைக் குறித்துக்கொண்டேன். அடுத்த வேலை, எந்தப் பக்கத்தில் எந்தப் பசை என்று கண்டறிவது. மருந்துக்கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின் ஒரு துளியை இருபது துளி தண்ணீரில் கலந்து, அட்டைக்கு வெளியே வழிந்து காய்ந்திருக்கும் பசையில் ஈர்க்குச்சி நுனியால் தொட்டு வைத்தால், மாவுப் பசையாக இருக்கும்பட்சத்தில் சில நொடிகளில் கறுநீலமாகும். சில பேரேட்டுத் தாள்களுக்கே மாவுக் கஞ்சி ஏற்றியிருப்பார்கள் என்பதால், பசையில்லாத வெற்று இடத்திலும் ஒரு துளி வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். என் பேரேட்டில் முன்பகுதி முழுவதும் கறுநீலம். நடுவில் சில பக்கங்கள் பள்ளிக்கூடக் கோந்து. கடைசிப் பக்கங்கள், நான் கல்லூரிக்குப் போன பின் ஒட்டியவை, மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசை. கோந்து தண்ணீரில் கரையும் என்பதால் கவலையில்லை. வெள்ளைப் பசை காய்ந்துவிட்டால் தண்ணீரில் ஊதிப் பால் நிறமாகுமே தவிர முழுமையாகக் கரையாது.

பிரிக்கும் முறைகளை எல்லோரிடமும் இரண்டு மூன்று பிரதிகள் இருந்த, யாரும் மாற்றிக்கொள்ள முன்வராத, தரவரிசையின் அடியிலிருந்த மல்யுத்த வீரர்கள் மேல் பரிசோதித்தேன். அவர்கள் அந்தக் காலத்திலும் இதற்குத்தான் பயன்பட்டார்கள்.

உலர்ந்த நிலையில் மெல்லிய கத்தியை உள்ளே விட்டுப் பிரித்தபோது, பசை விடவில்லை. அட்டை தானே இரண்டு அடுக்காகப் பிளந்தது. நம் ஊரில் அச்சான ட்ரம்ப் கார்டு ஒரே திண்மையான அட்டையல்ல, தாள்களை அடுக்கி ஒட்டியது; அந்த உள்பசை மைதாவைவிட வலுக்குறைவு. பக்கத்தையே தண்ணீர்த் தட்டில் அமிழ்த்திய முறையில் பிரிவது சுலபமாக இருந்தது, ஆனால் அட்டையின் வெட்டு விளிம்புகள் வழியாகத் தண்ணீர் ஏறி, 0.3 மில்லிமீட்டர் இருந்த தடிமன் ஓரங்களில் 0.4 ஆகி, காய்ந்த பின்னும் தணியவில்லை. மேலும் முன்பக்க மினுக்குப் பூச்சில் மங்கலான திட்டுகள் விழுந்தன. இஸ்திரிப் பெட்டியின் நீராவியைக் காட்டியது எல்லாவற்றிலும் மோசம்: சூடு பட்டதும் மேற்பூச்சு வெளுத்து, அட்டை சுருண்டுகொண்டது. இதைச் சொல்லும் காணொளிகள் ஏராளமாக இருக்கின்றன. தபால்தலைக்கு ஓரளவு பொருந்தலாம், பூச்சுப் போட்ட அட்டைக்குப் பொருந்தாது.

வழியைத் திருப்பிவிட்டவர் வடக்கு மாசி வீதிப் பக்கம் பைண்டிங் கடை வைத்திருக்கும் பெரியவர். மை ஒற்றும் தாள் வாங்கப் போன இடத்தில் பேரேட்டின் ஒரு பக்கத்தைக் காட்டியபோது, கையிலிருந்த வேலையை நிறுத்தாமலே, “அட்டைய ஏன் தம்பி உரிக்கிறீக? பேரேட்ட உரிங்க” என்றார். அதுவரை நான் பேரேட்டைத் தட்டையாக வைத்து அதன் மேலிருந்து அட்டையை வளைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். வளைவது எதுவோ அதுதான் சேதப்படும். ஆகவே காப்பாற்ற வேண்டியதைத் தட்டையாகக் கிடத்தி, போனால் போகட்டும் என்பதை வளைத்து உரிக்க வேண்டும். ஈரமும் அதே பக்கத்திலிருந்தே போக வேண்டும். அருங்காட்சியகங்களில் காகிதம் பேணுகிறவர்கள் கடைப்பிடிக்கும் முறையும் இதுவே என்பது பிறகு படித்துத் தெரிந்தது.

இதன்படி அமைந்த வேலை முறை இது. பேரேட்டிலிருந்து தாளை முதுகோரமாக அறுத்தெடுத்து, ஒவ்வோர் அட்டையைச் சுற்றியும் 1 சென்டிமீட்டர் விட்டு வெட்டிக்கொள்ள வேண்டும். மூடியுள்ள 30 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் நனைத்துப் பிழிந்த துண்டை விரித்து, அதன் மேல் பாத்திரம் வடியவைக்கும் தட்டைக் கவிழ்த்து, வெட்டிய துண்டுகளை அட்டை மேலே இருக்குமாறு அடுக்கி மூடினால், உள்ளே ஈரப்பதம் 95 சதவீதம் வரை ஏறும். நாலு மணி நேரத்தில் முறுமுறுத்த தாள் துணி போலத் துவளும். பசையும் இளகத் தொடங்கும். இரவு முழுவதும் விட்டுவைப்பது ஆபத்து, ஏனென்றால் மதுரை வெப்பத்தில் ஈரமான மைதா என்பது பூஞ்சைக்கு வைத்த விருந்து.

அதன் பின் களிம்பு. கேக் அலங்காரப் பொருள்கள் விற்கும் கடையில் சி.எம்.சி. பவுடர் என்று கேட்டால் கொடுப்பார்கள். சர்க்கரைப் பூ செய்கிறவர்கள் மாவை இறுக்கப் பயன்படுத்துவது. 100 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீரில் 4 கிராமைத் தூவித் தூவிக் கலக்கி ஓர் இரவு ஊறவைத்தால் இட்லி மாவுப் பதத்தில் கட்டியில்லாத கூழ் கிடைக்கும். மொத்தமாகக் கொட்டினால் உருண்டை பிடித்து, எவ்வளவு கலக்கினாலும் கரையாது. இந்தக் கூழின் சிறப்பு, தன்னிடமுள்ள தண்ணீரை மெதுவாக மட்டுமே விடுவது. தாளை நனைத்துப் பசையை எட்டும்போது நிறுத்திக்கொள்ளலாம், அட்டைக்குள் ஊறுவதற்குள்.

கண்ணாடித் தகட்டின் மேல் அட்டையை முகம் கீழாக வைத்து, பேரேட்டுத் தாளின் முதுகில் தையற்காரர்கள் பேப்பர் கேன்வாஸ் என்று சொல்லும் நெய்யாத துணியை விரித்து, அதன் மேல் 3 மில்லிமீட்டர் கனத்தில் கூழைத் தடவி, பாலித்தீன் தாளால் மூடிவிடுவேன். கேன்வாஸ் இடையில் இருப்பதால் கூழ் தாளில் ஒட்டாது, வேலை முடிந்ததும் ஒரே இழுப்பில் மொத்தமும் வந்துவிடும். வாங்கும்போது இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் வகை வேண்டாம், ஒட்டாத வகைதான் வேண்டும் என்று அழுத்திச் சொல்ல வேண்டும். தையல் சாமான்களுக்குப் புதுமண்டபத்துக்குப் போய்ப் பழகியவர்கள், கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால் தாள் எதிர்ப்பில்லாமல் எழ வேண்டும். எழுந்த மூலையை அதன் மேலேயே மடித்து, அட்டைக்கு ஏறக்குறைய இணையாக, மிகத் தாழ்ந்த கோணத்தில் உருட்டியபடி இழுக்க வேண்டும். செங்குத்தாக மேலே தூக்கினால் அட்டையின் பின்பக்க அச்சும் சேர்ந்து வரும். எங்காவது நார் எழுந்தால் அங்கேயே நிறுத்தி, அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு பத்து நிமிடம் கூழ் வைப்பேன். தாள் போன பின் அட்டையின் முதுகில் வழுவழுப்பாக நிற்கும் பசைப் படலத்தை, சீவிய மூங்கில் சிம்பால் வழித்துவிட்டு, ஈரப் பஞ்சுக் குச்சியைத் தேய்க்காமல் உருட்டி எடுக்க வேண்டும். எச்சில் தொட்டால் இன்னும் விரைவாகப் போகும். உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் மாவுச்சத்தைச் சிதைப்பதால் ஓவியம் துப்புரவு செய்கிறவர்கள்கூட அதைப் பயன்படுத்துவதுண்டு. துத்தம் கலந்த பசையில் அந்தப் பழக்கத்துக்கு இடமில்லை.

உலர்த்துவதில்தான் பருவம் குறுக்கிட்டது. சித்திரையில் தொடங்கிய வேலை என்பதால், பிற்பகலில் அறையின் ஈரப்பதம் 30 சதவீதத்தை ஒட்டி இருந்தது. திறந்து வைத்த அட்டை ஐந்து நிமிடத்தில் முகம் உள்நோக்கி வளைந்தது. எனவே துடைத்த கையோடு இரண்டு மை ஒற்றும் தாள்களுக்கு இடையில் வைத்து, 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் பலகைகளுக்குள் செருகி, மேலே அம்மிக்கல்லை ஏற்றிவிடுவேன். முதல் தாள் மாற்றம் கால் மணி நேரத்தில், அடுத்தது ஒரு மணி நேரத்தில், பிறகு காலையும் மாலையும். மூன்றாம் நாள் எடுத்தால் தட்டையாக நிற்கும். அவசரப்பட்டு மறுநாளே எடுத்தவை ஒரு வாரத்தில் மறுபடி வளைந்தன. ‘பிக் ஃபன்’ படங்கள் மெல்லியவை, அவற்றுக்கு இந்த எடை வேண்டியதில்லை, கண்ணாடித் தகடே போதும்.

வெள்ளைப் பசைப் பக்கங்களுக்கு இந்த முறை எதுவும் செய்யவில்லை. அவற்றைச் சுற்றி வெட்டி, பின்னால் பேரேட்டுத் தாள் ஒட்டியிருக்கும்படியே விட்டு, மணல்தாளால் தாளை மெலியச் செய்வதோடு நிறுத்தினேன். பேரேட்டில் அப்பாவின் கணக்கு முடிந்து என் அட்டைகள் தொடங்கும் எல்லையில் இருந்த இரண்டு தாள்களையும் உரிக்கவில்லை. அவற்றின் ஒரு பக்கம் துவரம்பருப்பு, கடலைப்பருப்பு மூட்டை வரவு அவர் கையெழுத்தில் இருக்கிறது. மறுபக்கம் என் அட்டைகள். உரிக்கும் முறையில் பேரேட்டுத் தாள் நைந்துவிடும், மை கூழில் இறங்கிவிடும். இந்த இரண்டில் எதைப் போனால் போகட்டும் என்று சொல்வது எனத் தெரியாததால், அந்தத் தாள்கள் பாலிப்ரொப்பிலீன் உறைக்குள் அப்படியே இருக்கின்றன.

அட்டைகள் கையில் வந்த பிறகு கலந்து கிடந்த தொகுதிகளைப் பிரிப்பது தனி வேலையாகிவிட்டது. சொல்லப்போனால், எல்லாவற்றிலும் சுவையானது இதுதான். இந்த அட்டைகளில் அச்சான ஆண்டு இருக்காது, அச்சிட்டவர் பெயரும் பலவற்றில் இருக்காது. ஆனால் எண்கள் இருக்கின்றன. பிரையன் லாராவின் அதிகபட்ச டெஸ்ட் ஓட்டம் 277 என்றிருந்தால் அது 1993 ஜனவரி சிட்னி ஆட்டத்துக்குப் பிந்தைய கணக்கு. 375 என்றிருந்தால் 1994 ஏப்ரலுக்கு முன் அச்சாகியிருக்க முடியாது. கபில்தேவ் 431 டெஸ்ட் விக்கெட்டோடு ரிச்சர்ட் ஹாட்லியைச் சமன் செய்து, 1994 பிப்ரவரியில் ஆமதாபாதில் அவரைக் கடந்து, 434இல் முடித்தார். அந்த மூன்று விக்கெட் வேறுபாட்டுக்குள் இரண்டு தொகுதிகளைப் பிரிக்க முடிந்தது. டெண்டுல்கரின் ஒருநாள் சதம் பூஜ்யம் என்று காட்டும் அட்டையை மகள் அச்சுப்பிழை என்றே நினைத்தாள். அவர் முதல் ஒருநாள் சதத்தை 1994 செப்டம்பரில் கொழும்பில்தான் அடித்தார். மல்யுத்தத் தொகுதிகளில் அண்டர்டேக்கர் இருந்தால் 1990 இறுதிக்குப் பின், யோகோசூனா இருந்தால் 1992 இறுதிக்குப் பின். 2002இல் அவர்களுடைய மல்யுத்த அமைப்பின் பெயரே டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்பதிலிருந்து டபிள்யூ.டபிள்யூ.இ. என மாறியது என்பதால் பழைய எழுத்துகளைத் தாங்கியவை அதற்கு முந்தைய அச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். எண் காட்டுவது, அட்டை எந்த நாளுக்கு முன் அச்சாகியிருக்க முடியாது என்பதை மட்டுமே. பழைய எண்களை மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் மறுபடி மறுபடி அச்சிட்டு விற்றவர்கள் உண்டு. 277 என்ற லாராவின் அட்டை 1996இல் வாங்கியதாகவும் இருக்கலாம். என் விஷயத்தில் பேரேட்டின் பக்க வரிசை கைகொடுத்தது. முன்பக்கத்தில் ஒட்டியது முன்னால் வந்தது. படமெடுத்துப் பக்க எண் குறிக்காமல் அறுத்திருந்தால் இந்தச் சான்று போயிருக்கும்.

மூன்றாம் காலத்து அட்டைகளுக்குப் பசைத் தொல்லை இல்லை, பிளாஸ்டிக் தொல்லை. பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஆல்பத்தின் மென்மையான பைகள் பிசுபிசுத்து, திறந்தால் புதுச் செருப்பு மணம் வீசியது. பளபளப்பான அட்டைகள் பையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்ல வெளியேறி அச்சு மையோடு கலப்பதால் நேர்வது இது. எந்தப் பிளாஸ்டிக் என்று சந்தேகம் இருந்தால், ஓரத்தில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீர் டம்ளரில் அமுக்கி விடலாம். பாலிப்ரொப்பிலீனும் பாலித்தீனும் மிதக்கும், பி.வி.சி.யும் பாலியெஸ்டரும் மூழ்கும். மூழ்கியதில் எது எது என்று அறிய, செம்புக் கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, அந்தத் துண்டில் தொட்டு, மறுபடி தீயில் காட்டினால், பி.வி.சி.யாக இருந்தால் சுடர் பச்சையாகும். ஜன்னலைத் திறந்து வைத்து, துளியளவு துண்டில் மட்டும் செய்ய வேண்டிய சோதனை.

ஒட்டிக்கொண்டவற்றை எடுக்கக் குளிர் உதவியது. பையோடு சேர்த்து வெட்டி, ஜிப் கவரில் காற்றில்லாமல் மூடி, குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலை அறையில் சில மணி நேரம் வைத்தால் பிளாஸ்டிக் விறைத்து அட்டையை விடுகிறது. வெளியே எடுத்ததும் உள்ளே தண்ணீர் கோத்துக்கொள்ளாமல் இருக்க வேகமாக வேலை செய்ய வேண்டும்; ஒவ்வொன்றாக எடுத்து உரிப்பதே சரி. பெரும்பாலானவை தப்பின. படலம் பூசிய மினுமினுப்பு வகையில் சிலவற்றின் மேல்தோல் பையோடு போய்விட்டது.

இனி வைக்கும் இடம். கடையில் கிடைக்கும் பாலிப்ரொப்பிலீன் உறைகள் 2½ × 3½ அங்குல அட்டைக்கானவை. அமெரிக்க டாப்ஸ் நிறுவனம் 1957இல் தன் பேஸ்பால் அட்டைகளுக்கு வைத்த அளவே இன்று உலகம் முழுவதும் வழக்கமாகிவிட்டது. ஐ.பி.எல். அட்டைகள் அதில் கச்சிதமாக அமர்ந்தன. நம் ஊர் ட்ரம்ப் கார்டுகள் எந்த அளவுக்கும் கட்டுப்பட்டவை அல்ல; ஒரே தொகுதியில் இரண்டு மில்லிமீட்டர் வேறுபாடு சாதாரணம். அவற்றுக்காக, துணிக்கடைகளுக்கு விற்கும் பி.பி. (பாலிப்ரொப்பிலீன்) கவரை வாங்கி, சீலிங் இயந்திரத்தால் நடுவில் ஒரு கோடு ஒட்டிப் பாதி அகலமாக்கிக்கொண்டேன். வாங்கிய கவரில் ஒன்றைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்த்துவிட்டே மீதியைப் பிரித்தேன்.

உறையிட்ட அட்டைகள் ஈரம் புகாத டப்பாவில், வெளிச்சுவரை ஒட்டாத பீரோவில் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் அறையின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டியபோதும், 100 கிராம் சிலிக்கா ஜெல் வைத்த டப்பாவுக்குள் 48, 50 என்றே நின்றது. ஆரஞ்சு நிற வகையை வாங்கினால் நிறம் மாறும்போது வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம். அந்துருண்டை போடவே கூடாது. அதன் ஆவி சில வகைக் கண்ணாடிப் பிளாஸ்டிக் பெட்டிகளை இளக்கிவிடும். பூச்சி இருப்பதாகச் சந்தேகம் வந்த கட்டுகளை மட்டும் மூடிய கவரில் ஒரு வாரம் உறையவைத்து எடுத்தேன். வசம்பு வைக்கச் சொல்லி அத்தை கொடுத்ததையும் பீரோவில் போட்டிருக்கிறேன். அட்டைகளுக்காக அல்ல, அத்தைக்காக.

செலவு: சி.எம்.சி. பவுடர் 140 ரூபாய், மை ஒற்றும் தாள் 150, பேப்பர் கேன்வாஸ் ஒரு மீட்டர் 40, ஈரப்பதமானி 280, அட்டை உறைகள் இரண்டு கட்டு 360, பி.பி. கவர் 60, சிலிக்கா ஜெல் 220, அறுவைக் கத்திப் பிடியும் அலகுகளும் 130, அயோடின் 60, காய்ச்சி வடித்த தண்ணீர் 90; மொத்தம் 1,530 ரூபாய். பலகை, கண்ணாடி, பெட்டி, அம்மிக்கல் வீட்டில் இருந்தவை. இவ்வளவு செய்தும் விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு, பேஸ்பால் ஆட்டக்காரர் மிக்கி மேன்டிலின் 1952ஆம் ஆண்டு டாப்ஸ் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்குப் போன செய்தி தெரிந்திருக்கிறது. முதுகில் மைதா பட்ட ட்ரம்ப் கார்டுக்கு அந்தச் சந்தையில் இடமில்லை, நான் விற்கவும் போவதில்லை.

இன்னொரு முறை செய்வதாக இருந்தால் சித்திரையில் தொடங்காமல், மழை ஓய்ந்து வெயில் ஏறாத தை, மாசியில் வைத்துக்கொள்வேன். அறை ஈரப்பதம் 50, 60 சதவீதத்தில் இருக்கும்போது அட்டை சீராகக் காயும். ஒரே நேரத்தில் ஆறு அட்டைக்கு மேல் கூழ் தடவ மாட்டேன், ஏனெனில் ஏழாவதை உரிக்கும் முன் அதன் விளிம்பு ஊறிவிடுகிறது. காணொளிகளைப் பார்ப்பதற்கு முன் பைண்டிங் கடைக்குப் போவேன்.

அடுத்து அத்தை மகனின் சிவகாசித் தீப்பெட்டிப் படங்கள் வந்து காத்திருக்கின்றன. அவையும் மைதாப் பசைதான். ஆனால் அவை பூச்சில்லாத மெல்லிய தாள், மையும் வேறு. ஒரு படத்தின் மூலையில் ஈரப் பஞ்சுக் குச்சியைத் தொட்டு வைத்தபோது நீலமும் கறுப்பும் அசையவில்லை, சிவப்பு உடனே பஞ்சில் இறங்கியது. அதனால் கூழ் அவற்றுக்கு ஆகாது. ஈரப்பெட்டியில் நீராவியில்லாத வெறும் ஈரக்காற்றை மட்டும் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, எவ்வளவு இளகுகிறது என்று குறித்துவருகிறேன். இப்போதைக்கு, சிவப்பு இல்லாத படங்கள் மட்டும் பிரிந்திருக்கின்றன.